800 சூடாகிறது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு முன்

10 மார்ச் 2024

கேள்வி இதுதான்: "மாருதி 800, 2001 மாடல். சேலம் டவுனுக்குள் ஓட்டினால் சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டிப் போய்விடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணமும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருமே கழற்றிவிடலாம் அல்லவா?"

கழற்றாதீர்கள் தம்பி. என்னிடம் இருப்பது 1999 மாடல், கார்புரேட்டர் வண்டி. அதுவும் ஜனவரியிலிருந்து சூடாகிறது. டவுனுக்குள் ஒன்றும் இல்லை, நாலு வழிச்சாலையில் ஒன்றும் இல்லை, ஏற்காடு ஏறினால் மட்டும். அக்கா வீடு மேலே இருப்பதால் மாதம் இரண்டு முறை ஏறியாக வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதைத் தாண்டும்போது சூட்டு ஊசி கிளம்பிவிடுகிறது. நானும் இன்னும் காரணம் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தெர்மோஸ்டாட் என்பது, என்ஜின் சூடான பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் கதவு. கதவு சிக்கிக்கொண்டால் சரிசெய்ய வேண்டும், இல்லை வேறு மாட்ட வேண்டும். கதவே இல்லாத வீடு எதற்கு?

அது இல்லாவிட்டால் என்ஜின் தன் சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் சரியாகச் சூடேறாது. இன்னொன்று, தண்ணீர் ரேடியேட்டருக்குள் வேகமாக ஓடிவிடுவதால் ஆற நேரம் கிடைக்காது.

10 மார்ச், இரவு

இதைப் படித்துவிட்டு நாலு பேர் நாலு பாகம் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: எப்போது சூடாகிறது?

சிக்னலில் நின்றால் ஊசி ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன், ஃபேன் ஸ்விட்ச், ஃபியூஸ், ரிலே இவற்றைப் பாருங்கள். நின்றால் சும்மா இருந்து, வேகமாக ஓட்டும்போதும் மேடு ஏறும்போதும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், வழுக்கும் பெல்ட், உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். எப்போது பார்த்தாலும் சூடு, கூடவே தண்ணீரும் குறைகிறது என்றால் முதலில் கசிவைத் தேடுங்கள். ஸ்டார்ட் செய்த இரண்டே நிமிடத்தில் ஊசி உச்சிக்குப் போனால் அது பெரும்பாலும் சூடே இல்லை, வயர் கோளாறு.

கேள்வி கேட்ட தம்பி, உங்கள் வண்டி முதல் வகை. சாவியைப் போட்டுவிட்டு, ஃபேன் ஸ்விட்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார், ஃபியூஸ், வயரிங் எல்லாம் சரி, ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸிலிருந்து ஆரம்பியுங்கள். விரலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று சுற்றும்.

என் வண்டி இரண்டாவது வகை. ஃபேன் மோட்டார் போன தீபாவளிக்குத்தான் புதிதாக மாற்றினேன், நன்றாகச் சுற்றுகிறது. அதனால் ஃபேனை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கிறேன்.

13 மார்ச்

ரேடியேட்டர் மூடி மாற்றினேன். பழையதில் அடி ரப்பர் கல் மாதிரி இறுகி, ஓரத்தில் பிளந்திருந்தது.

மூடியை யாரும் மதிப்பதில்லை. அதற்குள் இரண்டு வால்வு உண்டு. பெரியது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதற்கு. என் மூடியின் தலையில் 0.9 என்று அடித்திருக்கிறது. அந்த அழுத்தம் கசியாமல் இருந்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதி. மலைமேல் இன்னும் சீக்கிரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அக்கா வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் இதனால்தான்.

நடுவில் இருக்கும் சின்ன வால்வு, என்ஜின் ஆறும்போது, உபரித் தண்ணீர் நிற்கும் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க விடுவது. அது சிக்கிக்கொண்டால் காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் குறைந்திருக்கும். டப்பாவைப் பார்த்து "தண்ணி இருக்கே" என்று கிளம்புகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

17 மார்ச்

புது மூடியோடு ஏறினேன். ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டாவது வளைவு. கொதிக்கவில்லை, ஆனால் ஊசி கிளம்பியது. ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் கேட்டிருக்கிறார், உடனே தண்ணீர் ஊற்றக்கூடாதா என்று. கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. என் அப்பா எண்பதுகளில் இதே மலைப்பாதையில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். இடது கை முழங்கைக்குக் கீழே ஒரு தோல் மட்டும் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளவென்று இருக்கும், முடி முளைக்காது. ஒரு கல்யாண முகூர்த்த நேரத்துக்குள் மேலே போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்பட்டு மூடியைத் திருகிய நாளின் அடையாளம். அதற்குப் பிறகு டிக்கியில் எப்போதும் ஒரு கோணிச் சாக்கும் இரண்டு தகர டின் தண்ணீரும் இருக்கும். நிறுத்துவார், பீடி பற்றவைப்பார், பீடி முடிந்து இன்னொரு பீடியும் முடிந்த பிறகுதான் ஈரச் சாக்கைப் போட்டு கால் சுற்று திருகுவார். உஸ் சத்தம் அடங்கிய பிறகு மீதிச் சுற்று. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் விரிசல் விடும். 800-இன் ஹெட் (என்ஜினின் மேல்பாகம்) அலுமினியம், அது கோணிப்போக இன்னும் குறைந்த சூடே போதும்.

பீடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

20 மார்ச்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். எறிவதற்கு இல்லை, சோதிக்க.

பழைய பால் பாத்திரத்தில் தண்ணீர், மேலே குறுக்காக ஒரு கரண்டி, அதிலிருந்து நூலில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, அடி அதிகச் சூடு, தப்புக் கணக்கு காட்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் (வீட்டில் கெமிஸ்ட்ரி டீச்சர் இருப்பதால் கிடைத்தது). உடம்பில் 82 என்று பொறித்திருந்தது. 80 வரை அசைவே இல்லை. 83-இல் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பிறை தெரிந்தது. 95-க்குள் முழுதாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. இருபத்தைந்து வயசு வண்டியில் இப்படி ஒன்று. கழுவித் திரும்ப மாட்டிவிட்டேன், கேஸ்கட் மட்டும் புதுசு. ஓரத்தில் ஆடும் சின்ன ஊசி இருக்கும், அது மேல்பக்கம் வரவேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

கேள்வி கேட்ட தம்பி, இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு கேஸ் மட்டும்.

21 மார்ச்

10-ஆம் தேதி எழுதியதில் ஒரு தப்பு. தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரம் கிடைக்காது என்று எழுதியிருந்தேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் ஒரு சார் அது சரியில்லை என்கிறார். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், அவர் சொல்வதுதான் சரி. ஒரு சுற்றில் ஆற நேரம் குறைவுதான், ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்று வருகிறது. என்ஜினுக்குள் அதே தண்ணீர் சூடாகவும் நேரம் குறைகிறது. வேகமாக ஓடுவதால் மட்டும் சூடு அதிகமாகாது.

அப்படியானால் கழற்றினால் சில வண்டி இன்னும் சூடாவது ஏன்? சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்யும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினைச் சுற்றிச் சுற்றி வரும். காரணத்தை மாற்றிக்கொள்கிறேன், கழற்றாதீர்கள் என்பதை மாற்றவில்லை.

27 மார்ச்

மூடி சரி, தெர்மோஸ்டாட் சரி, பெல்ட் டைட், கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருக்கிறது. டப்பாவில் மட்டும் வாரத்துக்கு விரல் கனம் தண்ணீர் குறைகிறது. கீழே ஒரு சொட்டு இல்லை. "வண்டி தண்ணி குடிக்குதுண்ணே, ஹெட் கேஸ்கட்தான், ஹெட்டை இறக்கிடலாம்" என்கிறார் மெக்கானிக். ஹெட் கேஸ்கட் என்பது ஹெட்டுக்கும் கீழே இருக்கும் என்ஜினுக்கும் நடுவில் அடைக்கும் தகடு. அதற்காக ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட்டு (பரப்பைச் சமமாகச் சீவி) ஏற்றுவது சின்ன வேலை இல்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூக்கமில்லை.

30 மார்ச்

இதை விரிவாக எழுத வேண்டும்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் வரும். அதில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும். அதைப் பிடிக்க ஒரு நீல மருந்து கடையில் விற்கிறார்கள், குழாயோடு. இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது கெமிஸ்ட்ரி டீச்சரான என் மனைவி, "அது புரோமோதைமால் புளூவா இருக்கும். எங்க லேப்ல இருக்கே" என்றாள். நேற்று ஒரு சின்ன பாட்டிலில் கலந்து கொண்டுவந்துவிட்டாள்.

முதலில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கொஞ்சம் டம்ளரில் ஊற்றி ஸ்ட்ரா வழியாக ஊதினேன். நீலம் பச்சையாகி, பத்துப் பன்னிரண்டு மூச்சில் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது. என் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடுக்கே அப்படி.

பிறகு வண்டி. என்ஜின் குளிர்ந்திருந்தபோதே மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்தை நாலு விரல் இறக்கிவிட்டு, ஸ்டார்ட் செய்தோம். ரேடியேட்டர் வாயில் ரப்பர் கார்க்கோடு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் நீல மருந்து, மேலே லேப் ரப்பர் பல்பு. பல்பை அமுக்கி விட்டால் ரேடியேட்டருக்குள் இருக்கும் காற்று மருந்துக்குள் குமிழியிட்டு ஏறும். தண்ணீரை உறிஞ்சிவிடக்கூடாது, காற்றை மட்டும். "ஏங்க, இது மஞ்சளாச்சுன்னா என்ஜின் தண்ணிக்குள்ள மூச்சு விடுதுன்னு அர்த்தம். நீலமாவே இருந்தா நீங்க நிம்மதியா தூங்கலாம்." இரண்டு நிமிடம் பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை நீலம்.

அதே மருந்தைச் சைலன்சர் வாயருகில் காட்டினோம். நொடியில் மஞ்சள்.

லேப் இல்லாதவர்களுக்கு: காலையில் குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்தால் சந்தேகம். மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், சூடே ஆகாமல், மேல் ஹோஸ் கட்டை போல விறைத்தால் சந்தேகம். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தாலும் சந்தேகம், ஆனால் குட்டிக் குட்டித் தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றினால் மற்ற இரண்டும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவைத்த மாதிரி வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டர்தான் தண்ணீர் குடிக்கிறது.

31 மார்ச்

தூங்கினேன்.

6 ஏப்ரல்

இரண்டு கேள்விக்குச் சின்னப் பதில்.

ஹெட்லைட் போட்டால் ஊசி ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது என்கிறவருக்கு: எர்த். பேட்டரியிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். ரேடியேட்டரை விட்டுவிடுங்கள் பாவம்.

நாமக்கல் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு: கோழி லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ரேடியேட்டர் ஃபின் முழுக்க இறகு ஒட்டும். மேலே தூசி படிந்து கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, லேசான தண்ணீரால் அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். ஏசி வண்டி என்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்குதான் குப்பைத்தொட்டி.

14 ஏப்ரல்

கண்டுபிடித்துவிட்டேன்.

வருசப்பிறப்பு என்பதால் காலையில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன் கிரில்லுக்கு எதிரே ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் கிளம்பியது. ஊதுபத்திப் புகை என் முகத்துக்கு வந்தது.

புகை உள்ளே போகவேண்டும். 800-இல் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது, முன்பக்கத்துக் காற்றை இழுப்பதுதான் அதன் வேலை. பேப்பரைக் கொண்டுவந்து கிரில்லுக்கு எதிரே பிடித்தேன். ஒட்டவேண்டிய தாள் என் பக்கம் படபடத்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. தீபாவளிக்கு மோட்டார் மாற்றியபோது இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். டிசி மோட்டார், வயர் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தமும் அதே சத்தம்தான்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. நின்றால் என்ஜின் பக்கத்துக் காற்றை ஃபேன் முன்னால் தள்ளும், சூடான காற்றுதான், ஆனால் ஏதோ ஆறும். நாலு வழிச்சாலையில் எதிர்க்காற்றே போதும், ஃபேனே ஓடாது. மலையில் இரண்டாவது கியரில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் முக்கிக்கொண்டு ஏறும்போது, முன்னாலிருந்து வரும் கொஞ்சக் காற்றை ஃபேன் பின்னாலிருந்து தள்ளி நிறுத்திவிடும். காற்று அதிகம் வேண்டிய அந்த ஒரு இடத்தில் காற்றே இல்லை. டிசம்பரில் அக்கா ஊரில் இல்லை, மலைக்கே போகவில்லை. அதனால்தான் "ஜனவரியிலிருந்து" என்று எழுதினேன். உண்மையில் தீபாவளியிலிருந்து.

10-ஆம் தேதி இரவு "ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, அதை விட்டுவிடுகிறேன்" என்று எழுதிய வரியை நீக்கவில்லை. அடுத்து வருகிறவர்கள் படிக்கட்டும். சுற்றுகிறதா என்று பார்த்தேன், எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. மெக்கானிக்கும் பார்க்கவில்லை: "ஃபேன் சுத்துதுண்ணே, அப்புறம் என்ன?"

கனெக்டரில் வயரை மாற்றிப் போட்டேன். பேப்பர் கிரில்லில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

21 ஏப்ரல்

நாலு பேர், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, மதியம் ஒரு மணி. இருபதாவது வளைவு வரை ஊசி பாதியைத் தாண்டவில்லை. நடுவில் இரண்டு முறை ஃபேன் கிளம்பும் சத்தம் கேட்டது. கண்ணாடியை இறக்கிவைத்துக் கேட்டுக்கொண்டே ஏறினேன். அக்காவிடம் சொன்னேன், "ஒரு வயருக்கா இவ்வளவு?" என்றாள்.

5 மே

அந்த விரல் கனம் தண்ணீர் இன்னும் குறைகிறது. ஃபேன் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை மறந்திருந்தேன்.

டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். ராத்திரி வண்டிக்கு அடியில் பிரித்த அட்டைப்பெட்டி. மூன்று நாள் அட்டை காய்ந்தே இருந்தது. நாலாவது நாள் விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள் சீல் தேய்ந்தால் அதன் வழியே கசிந்து தெரியட்டும் என்று வைத்தது. அந்த ஓட்டை வாயில் கூலன்ட் கலந்த தண்ணீரின் ஒரு பச்சைத் துளி, விழாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே காய்ந்த பச்சைக் கோடு, உப்புப் பூத்த மாதிரி. குளிர்ந்தால் சீல் சுருங்கிக் கசிகிறது, சூடானால் விரிந்து அடைத்துக்கொள்கிறது. கசிந்த கொஞ்சமும் தரைக்கு வருமுன் என்ஜின் சூட்டில் காய்ந்துவிடுகிறது. பகலில் யார் பார்த்தாலும் தெரியாது.

ஹெட்டை இறக்கியிருந்தால் இந்தப் பம்பையே திரும்ப மாட்டியிருப்போம்.

12 மே

பம்பும் பெல்ட்டும் மாற்றியாயிற்று. 800 உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டாலும் பாகத்துக்குக் குறைவில்லை, கடைக்காரர் பலகையிலிருந்து எட்டி எடுத்துக் கொடுத்தார்.

தண்ணீரை இறக்கியபோது ஆரம்பத்தில் பச்சை, அடியில் காப்பி நிறம். எனக்கு முன் ஓட்டியவர் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை வெந்நீர் அண்டாவில் ஒரு மாதம் காய்ச்சிப் பாருங்கள், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும். அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. கூலன்ட் இங்கே எதற்கு, நமக்கு என்ன பனியா பெய்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: துருவைத் தடுக்க. கலக்கிய கூலன்டாக வாங்குங்கள், இல்லாவிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள்.

இறக்கிய கூலன்டைத் தெருவில் விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கிவிடும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கேனில் ஊற்றி மூடி வையுங்கள்.

ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேடாக இருக்கட்டும். மூடி திறந்தபடி என்ஜின் ஓட, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காற்று குமிழி குமிழியாக வெளியேறும். மட்டம் சடாரென்று இறங்கும், அப்போது நிரப்புங்கள். உள்ளே காற்று தங்கினால் புதுப் பம்பும் வீண்.

19 மே

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: வயரைச் சேர்த்ததும் ஃபேன் சுற்றியது, ஸ்விட்ச்தான் போயிருந்தது, மாற்றியாயிற்று, டவுனுக்குள் ஊசி பாதியிலேயே நிற்கிறது. தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் ஏற்கெனவே கழற்றியிருந்தாராம், புதிதாக வாங்கிப் போட்டுவிட்டார்.

தம்பி, ஸ்விட்ச் மாற்றியவர் கனெக்டரையும் மோட்டார் வயரையும் தொட்டாரா? ஒரு தாள் எடுத்துக் கிரில்லில் பிடித்துப் பாருங்கள்.

2 ஜூன்

டப்பாவில் தண்ணீர் மூன்று வாரமாக மார்க்கர் கோட்டிலேயே இருக்கிறது. தம்பி வண்டியிலும் தாள் ஒட்டியதாம்.